தோன் எவரிஸ்தோவுக்கு ஒரு செய்தி

"இந்த மாகாணத்துலயே ரேடியோவுக்குக் காது நீட்டாத ஒரே ஆம்பளை நான்தான். யார் சொல்லுக்கும் நான் காத்திருந்தது கிடையாது. காத்திருக்கப் போறதும் கிடையாது."

தோன் எவரிஸ்தோ பர்ரியா ('தோன்' என்றால் எங்கள் பக்கத்தில் 'ஐயா') இதை அறிவித்தது, ஆட்டுக்குட்டிகளுக்குக் காதில் அடையாளம் வெட்டும் விருந்தன்று, மாபெரும் பொதுக்கூட்டத்தின் முன்னிலையில். கூட்டத்தில் பதினோரு பேர் இருந்தோம். குறைவு என்று நினைக்க வேண்டாம். சிலியின் தென்கோடியிலுள்ள எங்கள் மாகாணத்தை மக்களுக்குச் சரிசமமாகப் பங்கு போட்டால் தலைக்குப் பத்துச் சதுர கிலோமீட்டர் வரும். அதில் பாதி பனிப்பாறை, மீதி காற்று. பதினோரு பேர் ஓரிடத்தில் கூடினால் எல்லைச் சாவடிக் காவலர் குதிரையேறி வந்து என்ன கலவரம் என்று விசாரிப்பார். அன்றும் வந்தார். அவரையும் சேர்த்துத்தான் பதினொன்று.

இப்படிப்பட்ட இடத்தில் தபால்காரர் வேலையை வானொலிதான் பார்க்கிறது. தினமும் மதியம் பன்னிரண்டரைக்கு நகரத்து நிலையத்தில் உட்கார்ந்து செய்திகளை வாசிப்பவன் நான். 'ஆற்றங்கரை ரெமிஹியோ கார்கமோவுக்கு: பேத்திக்குப் பல் முளைத்துவிட்டது, இரண்டு ஆட்டுக்குட்டி அனுப்பவும்.' 'அதே ரெமிஹியோவுக்கு: குட்டிகள் வந்தன, ஒன்று இளைத்திருந்தது.' யாருக்கான செய்தியானாலும் எல்லோரும் கேட்பார்கள். உரியவர் கேட்டிருக்க மாட்டார் என்று தெரிந்தால், கேட்ட அண்டைவீட்டுக்காரர் குதிரையேறிப் போய்ச் சொல்லியாக வேண்டும். மழை, வெள்ளம், பகை எதுவும் இதற்குச் சாக்கு ஆகாது.

எவரிஸ்தோவுக்கு வாய்த்த ஒரே அண்டைவீட்டுக்காரர், ஆற்றுக்கு அக்கரையிலிருந்த இந்த ரெமிஹியோதான். அவருக்கு நான்கு பிள்ளைகள், வாரத்துக்கு மூன்று செய்திகள். எவரிஸ்தோவுக்கு நெல்தா என்று ஒரே மகள். இரண்டு வருஷத்துக்கு முன், அர்ஜென்டினாவிலிருந்து ஆட்டு ரோமம் கத்தரிக்க வந்தவனோடு எல்லை தாண்டிப் போனாள். இனிமேல் ஒரு வார்த்தைகூட இந்த வீட்டுக்குச் சொல்லியனுப்பக் கூடாது என்று சொல்லித்தான் எவரிஸ்தோ வழியனுப்பினார். நெல்தா அப்பா பேச்சைத் தட்டாத பெண். சொல்லியனுப்பவே இல்லை.

எவரிஸ்தோ வீட்டில் வானொலிப் பெட்டி கிடையாது. ஆனால் அவருடைய மாடு ஒன்று சரியாக மதியம் பன்னிரண்டரைக்கு ரெமிஹியோ வீட்டுச் சன்னலோரம் தொலைந்துபோகும். இவர் ஆறு தாண்டிப் போய்ச் சன்னலுக்கு வெளியே நின்று புல்லை ஆராய்வார். ரெமிஹியோ சூதுவாது தெரியாதவர். உள்ளே கூப்பிட்டு, சூடாக மாத்தேத் தழைச்சாறு குடிக்கக் கொடுத்து, பேத்தியின் பல்லைப் பற்றி மறுபடி ஒருமுறை சொல்வார். வீடு திரும்பும்போது எவரிஸ்தோவின் வயிறு எரிந்ததற்கு அந்தக் கசப்புத் தழை காரணமல்ல. "பாசமாம் பாசம். மளிகைக்கடைச் சீட்டு மாதிரி இருக்கு" என்பார் மனைவி ஒத்திலியாவிடம். ஒத்திலியா காலுறை பின்னிக்கொண்டிருப்பார்.

ரெமிஹியோவின் பிறந்தநாள் வாரத்தில் ஐந்து செய்திகள் வந்தன. ஐந்தாவதை எவரிஸ்தோவால் தாங்க முடியவில்லை. கம்பளி விற்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஒன்றரை நாள் குதிரையில் நகரத்துக்கு வந்தார். கம்பளி எதுவும் கொண்டுவரவில்லை. மகள் கடிதம் போட்டிருக்கிறாள், அதை வாசிக்க வேண்டும் என்றார் என்னிடம். கடிதம் எங்கே என்றேன். மனப்பாடம் என்றார். செய்தி வாசிப்பவனுக்கு வாய் உண்டு, மூக்கு கிடையாது. மோப்பம் பிடிப்பது என் வேலையல்ல. தான் வீடு போய்ச் சேர்ந்த பிறகு, மூன்றாம் நாள் வாசித்தால் போதும் என்றார். வாசித்தேன்.

'தோன் எவரிஸ்தோ பர்ரியாவுக்கு மகள் நெல்தா: இந்தப் பக்கத்து மலையெல்லாம் தேடிவிட்டேன், உங்களைப் போல ஒரு மனிதர் இல்லை. அப்பாவை நினைக்காத நாளில்லை.'

அவருடைய திட்டம் எளிமையானது. ரெமிஹியோ இதைக் கேட்பார். கேட்டால் ஆற்றில் இறங்கி வந்து, ஈரக் கால்சட்டையோடு எவரிஸ்தோவின் வாசலில் நின்று, எவரிஸ்தோவின் பெருமையைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும்.

அட்சரம் பிசகாமல் அப்படியே நடந்தது. ரெமிஹியோ இடுப்புவரை நனைந்து வந்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, ஒரு சொல் விடாமல், தன் மகளே சொன்னதுபோல முகமெல்லாம் பல்லாகச் சொன்னார். ஒத்திலியா பின்னலைக் கீழே வைத்தார்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான் ஒத்திலியாம்மா."

"எனக்கு?"

ரெமிஹியோ தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரேடியோவுல ஒரே இரைச்சல். உங்க பேரு வந்த இடம் விட்டுப்போயிருக்கும்."

"உன் பெட்டியில இரைச்சலே வராதுன்னு நீதானய்யா பீத்திக்குவே." ஒத்திலியா கணவரைப் பார்த்தார். "துரத்திவிட்டவரை நெனச்சுக்கிட்டே இருக்கா. மூட்டை கட்டிக் குடுத்தவளை மறந்துட்டா. குடுத்துவெச்ச ஆளுய்யா நீ, கிழவா."

பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம். எனக்கு இதைச் சொன்னது ரெமிஹியோ. பொறாமைப்பட வேண்டியவர் சந்தோஷப்பட்டுவிட்டார். சந்தோஷப்பட வேண்டியவர் பொறாமைப்பட்டுவிட்டார். எவரிஸ்தோ தயாராக வைத்திருந்த அலட்சியச் சிரிப்பு எதற்கும் பயன்படவில்லை. மூன்று நாள் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது, பேச்சு இல்லை.

நான்காம் நாள் எவரிஸ்தோ மறுபடி குதிரையேறினார். என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து அவர் மெதுவாகச் சொல்லச் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். 'நெல்தாவுக்கு அப்பா: போன வாரம் உன் பேரில் வந்தது நான் இட்டுக்கட்டியது. அம்மா உன்னைக் குறை சொல்கிறாள், குற்றம் உன்னுடையதல்ல. அவளுக்கு ஒரு வரி சொல்லியனுப்பு.' எங்கள் ஒலிபரப்பு எல்லைக்கு அந்தப் பக்கமும் போகும். ஆனால் இந்தப் பக்கமும் கேட்குமே.

"ரெமிஹியோவும் கேப்பாரே, தோன் எவரிஸ்தோ" என்றேன்.

"கேக்கட்டும். அவன் போய் ஒத்திலியாகிட்டச் சொல்லட்டும். மூணு நாளா வாயைத் தொறந்து தொறந்து பார்த்தேன், என்னால முடியல."

பன்னிரண்டரைக்கு வாசித்தேன். முடித்து நிமிர்ந்தபோது அவர் கிளம்பியிருக்கவில்லை. பதில் எப்படி வரும் என்று கேட்டார். பெரும்பாலும் தொலைபேசியில், நாளையும் வரலாம், வராமலும் போகலாம் என்றேன்.

எவரிஸ்தோ வெளியே போய்க் குதிரையின் சேணத்தை அவிழ்த்துவிட்டு வந்தார். தொலைபேசிக்கு மிக அருகிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.