சரி என்று சொன்ன அளவு

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. இது நடந்தது பட்டப்பகலில். மணி மூன்றேகால். எனக்குக் காய்ச்சல் இல்லை, தூக்கக் கலக்கம் இல்லை. பேய் என்று யாராவது வாயெடுத்தாலே "வேலையைப் பாருங்கப்பா" என்று துரத்திவிடுகிற ஜாதி நான்.

தையல் கடையில் கட்டிங் மாஸ்டராக முப்பது வருஷம் ஓட்டியவள். வீட்டில் என் கணவர்கூட என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். கிண்டலாக ஆரம்பித்த 'மாஸ்டர்' அப்படியே ஒட்டிக்கொண்டது.

மகள் கல்யாணமாகிப் போன பிறகு, நாலு படுக்கையறை வீட்டில் நாங்கள் இருவரும் கொட்டாவி விட்டுக்கொண்டு கிடந்தோம். ஒருவரை ஒருவர் தேடிப் பிடிப்பதற்கே போன் போட வேண்டியிருந்தது. பெரிய வீட்டை விற்றுவிட்டு, ரயில் பாதையோரம் ஏதாவது சின்ன ஊரில் சின்ன வீடாகப் பார்க்கலாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். எனக்கு இன்னும் கடை இருக்கிறது. தினமும் ரயிலில் போய்வர வேண்டும். இவருக்கு அரை மனசு.

முதலில் பார்த்த ஊரில் ரயிலில் நிற்கவே இடமில்லை. இரண்டாவது ஊரில் ஸ்டேஷனிலிருந்து வீடு வரை ஒரே ஏற்றம், மூச்சு முட்டியது. மூன்றாவது ஊர் இது. நேர் ரயில், உட்கார இடம், மூன்றாவது மாடியில் ஒரு ஹால், ஒரு படுக்கையறை. பார்த்ததுமே எனக்குப் பிடித்துப்போனது. புரோக்கர் சாவியைக் கையில் கொடுத்து, "சாயங்காலம் வரைக்கும் நிதானமா பாருங்கம்மா" என்று போய்விட்டார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். அளவெடுப்பவர் டேப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் அளவைச் சத்தமாகச் சொல்வார். எழுதுபவர் அதைத் திருப்பிச் சொல்வார். சரியாக இருந்தால் அளவெடுத்தவர் சொல்வது "சரி". அது காதில் விழுந்த பிறகுதான் பென்சில் பேப்பரில் படும். பிசகினால் "தப்பு". ஒருமுறை 'சரி' சொல்லிவிட்டால் அவ்வளவுதான். துணி அந்த அளவுக்குத்தான் வெட்டுப்படும், போடுகிற ஆள் எப்படி இருந்தாலும்.

வீட்டையும் அப்படித்தான் அளந்தோம். நான் படுக்கையறையில். இவர் ஹாலில், பென்சிலோடு. எங்கள் கட்டில் எங்கே வரும், பீரோ எங்கே வரும் என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டுவைத்தேன். அறையின் நீளம் பதினோரு அடி. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே மூன்று அடி. எல்லாம் கச்சிதம்.

பாதியில் இவருக்குப் பொறுக்கவில்லை.

"மாஸ்டர், ஸ்டேஷன் பக்கம்னு புரோக்கர் சொல்றான். எத்தனை நிமிஷம்னு நானே நடந்து பாக்குறேன்."

"போய்ட்டு சீக்கிரம் வாங்க."

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தனியாக ஜன்னல் திரைக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கதவுச் சத்தம். ஹாலில் காலடி. திரும்பிவிட்டார் என்று நினைத்தேன்.

"கட்டிலுக்கும் சுவத்துக்கும் மூணடி. இன்னொரு தடவை சரிபாத்துக்கிறேன்" என்று கத்தினேன்.

"ரெண்டு" என்றது ஹாலிலிருந்து ஒரு குரல்.

வறண்ட குரல். நடந்து வந்ததில் தொண்டை காய்ந்திருக்கும். "காதை எங்க வெச்சிட்டு வந்தீங்க?" என்று முனகிக்கொண்டே டேப்பை மறுபடி வைத்தேன்.

இரண்டு அடிதான் இருந்தது.

எனக்கு வெட்கமாகிவிட்டது. முப்பது வருஷத்தில் நான் ஒரு அடி தப்பாக எடுத்ததில்லை. வயசாகிறது மாஸ்டர், என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"சரி" என்றேன்.

"ரூம் நீளம் பதினொண்ணு."

"ஒன்பது."

அளந்தேன். ஒன்பது.

"...சரி."

"ஜன்னல் அகலம் நாலு."

"மூணு."

மூன்றுதான். "சரி." அறையில் வெளிச்சம் மங்கியது. மேகம் என்று நினைத்தேன். கீழே ரயில் ஒன்று போனது. காலையிலிருந்து தரை அதிரக் கேட்ட ரயில்... இப்போது ஏதோ போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருந்தது.

டேப்பைச் சுருட்டக் குனிந்தேன். அப்போதுதான் பார்த்தேன்.

நான் வரைந்த கட்டில் கோடு. தலைமாடு இருந்தது. பக்கங்கள் இருந்தன. கால்மாட்டைக் காணோம். இரண்டு கோடுகளும் நேராகப் போய்ச் சுவருக்கு அடியில் நுழைந்திருந்தன.

சுவருக்கு அடியில் யாராவது கோடு போட முடியுமா?

"என்னங்க... இங்க வாங்களேன்."

குரலை உயர்த்தினேன்.

"என்னங்க!"

சேலைக்கு மேல் போட்டிருந்த கடைக் கோட்டின் பையில் போன் அடித்தது. எடுத்தேன்.

"மாஸ்டர், இப்பதான் ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தேன். பன்னிரண்டு நிமிஷம் ஆச்சு. புளுகுறான் அந்தப் புரோக்கர்."



ஹாலிலிருந்து அந்தக் குரல் நிதானமாகத் திருப்பிச் சொன்னது.

"பன்னிரண்டு."

"யாரு அது பக்கத்துல?" என்றார் இவர் போனில்.

லைன் அறுந்தது.

அறையில் ஜன்னல் இருந்தது. மூன்றாவது மாடி, கம்பி போட்ட ஜன்னல். வெளியேற ஒரே வழி அந்தப் படுக்கையறை வாசல். வாசலுக்கு அந்தப் பக்கம் ஹால். ஹாலில்... அது. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். முதுகுக்குப் பின்னால் சுவர் இளஞ்சூடாக இருந்தது.

இப்போது அது கேட்கக் காத்திருக்கவில்லை. தானே ஆரம்பித்தது.

"தோள்."

கோட்டின் காலரை இழுத்துப் பிடித்தேன்.

"பதினாலு."

என் தோள் அகலம் பதினாலரை இன்ச். கடையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் முப்பது வருஷப் பழக்கம். பயத்தில் புத்தி உறைந்துகிடந்தது, நாக்கு மட்டும் தன் வேலையைப் பார்த்துவிட்டது.

"சரி."

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. கோட் தோளிலிருந்து லேசாக நழுவியது. இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"வாசல்."

குரல் கிட்டே வந்திருந்தது.

"ஒண்ணு."

ஒரு அடி வாசல். அதில் நான் எப்படி வெளியே போவேன்?

"ச..."

நாக்கைக் கடித்தேன். ரத்தம் உப்புக்கரித்தது. நிலைச்சட்டம் மெல்ல முனகியது... கிர்ர்... பாதியில் நின்றது. முழு வார்த்தைக்காக அது காத்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் உறைத்தது. அது சொல்வதால் எதுவும் நடக்கவில்லை.

நான் 'சரி' சொல்வதால் நடக்கிறது.

"தப்பு!" என்று அலறினேன். "தப்பு! வாசல் மூணடி!"



கீழே ஒரு ரயில்... வெகு தூரத்தில்.

"மூணடி! திருப்பிச் சொல்லு!"

என் இடுப்பு உயரத்திலிருந்து, வாசலுக்குச் சற்று அப்பாலிருந்து, ரொம்ப வருத்தமாக வந்தது அந்தக் குரல்.

"...மூணு."

"சரி!"

ஓடினேன். ஹாலில் யாரும் இல்லை. இவர் நின்று எழுதிய இடத்தில் மட்டும், என் காலில் ஒட்டி வந்து உதிர்ந்திருந்த சாக்பீஸ் தூளில் இரண்டு காலடித் தடம். என் உள்ளங்கை அளவுதான் இருந்தது.

கீழே வாட்ச்மேன் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். அதற்குள் இவரும் வியர்க்க விறுவிறுக்க வந்துவிட்டார். சாவியை வாங்கிக்கொண்டு தானே மேலே போய் அளந்து பார்த்தார். நீளம் பதினொன்று. ஜன்னல் நான்கு. கட்டில் கோடு கால்மாட்டோடு முழுசாக இருந்ததாம். காலடி எதையும் காணோமாம். என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் போனில் அந்தக் குரலை இவரும் கேட்டிருக்கிறார். முகம் செத்துப்போயிருந்தது.

வாட்ச்மேனிடம் நான்தான் கேட்டேன். "இதுக்கு முன்னாடி அங்க யாரு இருந்தா?"

"ஒரு அம்மா. தனியாத்தான் இருந்தாங்க. உங்களை மாதிரியே பெரிய வீட்டை வித்துட்டு வந்தவங்க. நல்ல உயரம்மா, வரும்போது இந்த கேட்ல தலை இடிக்கும்னு குனிஞ்சு வந்தாங்க."

"இப்ப எங்க?"

அவர் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"போய்ச் சேர்ந்துட்டாங்க. படியில ஸ்ட்ரெச்சர் திரும்பாதுன்னாங்க. தேவையும் படலை. நானே தூக்கிட்டு இறங்கினேன்... ஒரு கையில."

நாங்கள் இரண்டாவது ஊரில் வீடு எடுத்தோம். ஏற்றம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

போன மாதம் எனக்கு ஒரு புதுக் கோட் தைக்க, கடையில் கூட வேலை செய்கிற பெண் அளவெடுத்தாள். "அக்கா, தோள் பதினாலு" என்றாள். மூன்று முறை அளக்கச் சொன்னேன். மூன்று முறையும் பதினாலுதான். கடைக்கு மாஸ்டர் என்பதால் நான் 'சரி' சொல்வதற்காக, எழுதுகிற பையன் பென்சிலோடு காத்திருந்தான். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வார்த்தையை இப்போது நான் யாரிடமும் சொல்வதே இல்லை. மகள் போனில் கேட்டால்கூட "ம்" தான்.

நேற்று காலையில் இவர் காபி ஆற்றிக்கொண்டே சிரித்தார். "தினமும் தூக்கத்துல யார் கூட மாஸ்டர் பேசுற? ராத்திரி பூரா 'சரி... சரி...'ன்னுட்டே இருக்க."

 ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கிளம்பி வாசலில் செருப்பை மாட்டினேன்.

இரண்டு வருஷமாக நான் போடுகிற செருப்பு.

லூஸாக இருந்தது.