அரை ஆளும் ஒரு வேனும்

வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் கடைக்கு இரண்டரை ஆள் போதும். இதை நான் சொல்லவில்லை, கணினி சொன்னது. ஈப்போவில் நான் வேலை செய்யும் பொரித்த கோழிக் கடையில், எந்த நேரத்தில் எத்தனை துண்டு விற்கும் என்பதை அது முன்கூட்டியே கணித்துவிடும். போன வருட விற்பனை, சம்பள நாள், பள்ளி விடுமுறை, மழை எல்லாம் அதற்குத் தெரியும். கோழிக்கு ஏற்ற ஆள். அதற்கு மேல் ஒருவர் நின்றுவிட்டால் திரையில் அந்தக் கட்டம் சிவந்துவிடும்.

ஷிஃப்ட் லீடர் என்ற பெயரில் அந்தக் கட்டங்களை நிரப்புவது என் வேலை. கணக்கியலில் டிப்ளோமா படித்தவள், தசமப் புள்ளிக்குப் பயப்பட மாட்டாள் என்று என்னை எடுத்திருப்பார்கள். நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள். அந்த அரை ஆள் இடுப்புக்கு மேலா, கீழா என்று முதல் வாரம் நிஜமாகவே யோசித்தேன். மேல் பாதி என்றால் கல்லாவில் நின்று சிரிக்கலாம். கீழ்ப் பாதி என்றால் ஓடலாம். எங்கள் கடையில் அதிகம் தேவைப்படுவது அதுதான்.

போகப் போகத்தான் புரிந்தது, அந்த அரை ஆள் நான்தான். விண்ணப்பிக்கும்போது 'எந்த நேரமும் வரத் தயார்' என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அப்படி எழுதினால்தான் வேலை கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள். அதனால் மதிய நெரிசல் முடிந்ததும் என்னை வீட்டுக்குப் போகச் சொல்லி, சாயங்கால நெரிசலுக்கு மறுபடி கூப்பிட்டது கணினி. இடையில் இருக்கும் நேரத்துக்குச் சம்பளம் இல்லை. அந்த நேரத்தில் வீட்டுக்குப் போய்த் துணியைக் காயப்போட்டுவிட்டுத் திரும்பி வருவேன். காய்ந்த துணியை எடுக்கத்தான் ஆள் இருக்காது.

என் கணவர் லாரி ஓட்டுகிறார். வாரத்தில் பாதி நாள் ஜொகூரில் இருப்பார். நான்கு வயது மகளைப் புந்தோங்கில் ஓர் ஆண்ட்டியிடம் விட்டிருந்தேன். ஆறு மணிக்கு அவர் கதவைப் பூட்டிவிடுவார். நான் பல நாள் ஏழுக்கு மேல்தான் போய் நின்றேன். மகள் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள். அழமாட்டாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"தங்கச்சி, இன்னொரு வாட்டி இப்படி லேட்டாச்சுன்னா வேற எடம் பாத்துக்கோ லா. நான் என் வீட்டுக்காரருக்கு எப்ப சோறு போடறது?" என்றார் ஆண்ட்டி.

அவர் கேட்டது நியாயம்.

மறுநாள் மேனேஜரிடம் போனேன். அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். பழைய டவுனில் நாசி கண்டார் சோற்றுக்கடை நடத்திய தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. "அண்ணே, எனக்குக் காலைல ஏழுலேர்ந்து நாலு வரைக்கும் நிரந்தரமா போட்டுக் குடுங்கண்ணே" என்று கேட்டேன்.

"மெஷின் ஒத்துக்காதும்மா."

"நீங்க ஒரு வார்த்த சொல்லிப் பாருங்க."

"நான் சொன்னா அது கேக்குமா? எங்க அத்தா கடையில நான் சொன்னத தே தாரேக் ஆத்துறவரே கேக்கல."

அந்த நேரம் பார்த்து எங்கள் கடையில், காரை விட்டு இறங்காமலே கோழி வாங்கிப் போகும் பாதை ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பள்ளி விடுமுறைக்குள் திறக்க வேண்டும். அதற்கு எட்டு ஆள் தேவை. ஆள் எடுக்கும் திருவிழா ஒன்று வைத்தோம். பலூன் கட்டினோம். ஒருவருக்குக் கோழி வேஷம் போட்டு வாசலில் ஆடவிட்டோம். வந்தவர்களில் ஒருவர் கழிவறை எங்கே என்று கேட்டார். இன்னொருவர் கோழியோடு படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். நேர்காணலுக்கு உட்கார்ந்த ஒரே பெண்ணிடம், ஐந்து வருடத்தில் உன்னை எங்கே பார்க்கிறாய் என்று கேட்கச் சொல்லியிருந்தார்கள், கேட்டேன். "சிங்கப்பூர்ல" என்றாள். அவள் உண்மை சொன்னாள். அந்த விடைக்கு மதிப்பெண் இல்லை.

அடுத்த வாரம் கோலாலம்பூரிலிருந்து ஏரியா மேனேஜர் வந்தார். பளபளப்பான காலணி, பளபளப்பான படக்காட்சி. நமக்குத் தேவை ஊழியர்கள் இல்லை, குடும்பம். ஆகவே ஒவ்வொருவரும் தங்களுக்குத் தெரிந்தவர்களை அழைத்து வாருங்கள் என்றார். அழைத்து வரும் ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு பற்றுச்சீட்டு, அதைக் கொடுத்தால் ஒன்பது துண்டுக் கோழி. இது அமெரிக்காவிலிருந்து வந்த புதிய முறையாம்.

அண்ணன் என் காதருகே குனிந்தார். "தலைக்கு ஒரு கோழி. எஸ்டேட்டு காலத்துல ஆள் புடிச்சிட்டு வந்த கங்காணிக்குக் காசாச்சும் குடுத்தானுங்க. இவனுங்க கோழியிலயே முடிச்சிட்டானுங்க."

எனக்குக் கோழி வேண்டாம். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டுவிட்டேன்: எட்டு ஆளையும் நானே கொண்டுவந்தால், எனக்கு நாலு மணிக்கு முடியும் நிரந்தர ஷிஃப்ட் கிடைக்குமா? ஏரியா மேனேஜர் சிரித்தார். 'ஏன் கூடாது' என்றார். அது சம்மதமா என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் கணவரின் அக்கா, எனக்கு அண்ணி, தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் இருக்கிறார். ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த நிலம், இப்போது தாமான், மலிவு வீட்டுக் குடியிருப்பு. அங்குள்ள பெண்கள் கையுறைத் தொழிற்சாலைக்கு ஒரே வேனில் போய் வந்தார்கள். தொழிற்சாலை ஆள் குறைத்தது. வேன் மட்டும் வீட்டு வாசலில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை நான் போய் இறங்கியபோது அண்ணி கோழி வெட்டிக்கொண்டிருந்தார்.

"கோழி பொரிக்கிற வேலையா? நான் வீட்ல பொரிச்சாலே எண்ண தெறிக்குதுன்னு ஒங்கண்ணன் வெளிய ஓடுறாரு" என்றார். சொல்லிக்கொண்டே பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுத்தார். அங்கிருந்து ஒருத்தி தெரு முழுவதும் கேட்கும்படி கத்தினாள்: "கங்காணியம்மா வந்திருக்காங்க! எல்லாரும் பெரட்டுக்கு வாங்க லா!"

தோட்டத்தில் விடியலில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். அவள் வயதுக்கு அவள் அதைப் பார்த்திருக்கவே முடியாது. கேலிக்கு மட்டும் சொல் மிஞ்சியிருக்கிறது. நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது.

அண்ணியோடு சேர்த்து எட்டுப் பேர் வந்து உட்கார்ந்தார்கள். அண்ணிதான் பேசினார். "வேன் வந்தா எல்லாரும் வருவோம். வேன் போனா எல்லாரும் போவோம். நடுவுல போயிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சி வானு சொன்னா ஆவாது. இப்பவே சொல்லிட்டேன்."

"பேசிப் பாக்குறேன் அண்ணி" என்றேன். ஷிஃப்ட் லீடராகச் சேர்ந்த அன்றே கற்றுக்கொடுக்கும் வாக்கியம் அது.

நேர்காணலில் ஒரு குணநலத் தேர்வும் உண்டு. மலாயில் இருந்த கேள்விகளை நான் படித்துச் சொல்லி, வரும் பதிலைத் தட்டினேன். சக ஊழியர்களோடு ஒத்துப்போவீர்களா என்ற கேள்விக்கு அண்ணி, தெருவில் கத்திய அந்தப் பக்கத்து வீட்டுக்காரியைச் சுட்டினார். "இவகூட நான் மூணு மாசமா பேசறது இல்ல. ஆனா வேன்ல இவ பக்கத்துலதான் ஒக்காருவேன். அந்த சீட்டுலதான் காத்து வருது." 'ஒத்துழைப்பு: மிக நன்று' என்று தட்டினேன். இப்போது நினைத்தாலும் அது பொய் என்று தோன்றவில்லை.

எட்டுப் பேரும் தேர்வானார்கள். கணினி அவர்களைப் பதினொன்றுக்கு இரண்டு பேர், பன்னிரண்டுக்கு மூன்று பேர் என்று சொட்டுச் சொட்டாகக் கேட்டது. வேன் ஏழு மணிக்கு எட்டுப் பேரையும் மொத்தமாக இறக்கியது. திரை பூராவும் சிவப்பு. அண்ணன் அதைப் பார்க்காதது மாதிரி தே தாரேக் குடித்தார். அவர்கள் மதியத்துக்குள் மாவு பிசறி, அடுப்பைத் துடைத்து, பின்கட்டையே கழுவிவிட்டிருந்தார்கள். ஆனாலும் என் நிரந்தர ஷிஃப்ட் வரவில்லை. பள்ளி விடுமுறை நல்லபடியாக முடியட்டும், பார்க்கலாம் என்று ஏரியா மேனேஜர் செய்தி அனுப்பினார். ஆண்ட்டி வீட்டு வாசற்படியில் மகள் அப்படியேதான் உட்கார்ந்திருந்தாள்.

விடுமுறையின் முதல் சனிக்கிழமைக்கு நான் போட்ட அட்டவணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைப் போல அழகான அட்டவணையை நான் போட்டதே இல்லை. எட்டுப் பேரும் உள்ளே, ஒரு கட்டம்கூடச் சிவக்கவில்லை, எல்லாம் பச்சை. எனக்கு மட்டும் அன்று விடுப்பு. கணவர் வழியில் தெலுக் இந்தானில் ஒரு கல்யாணம். தட்டில் வெற்றிலை பாக்கு, குங்குமத்தோடு வீட்டுக்கு வந்து பத்திரிகை வைத்திருந்தார்கள். மறுநாளே விடுப்பு எழுதிக் கொடுத்து, மகளுக்குப் பட்டுப் பாவாடையும் எடுத்துவிட்டேன். முன்யோசனை உள்ளவள் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

வியாழக்கிழமை உடை மாற்றும் அறையில் அண்ணி தொப்பியைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "சனிக்கிழமை நீ தம்பியோட கார்லயா வாரே? எங்க எட்டுப் பேருக்கும் பஸ்ல சீட்டு போட்டாச்சு."

"அண்ணி, சனிக்கிழமை ஒங்களுக்கெல்லாம் வேலை இருக்கு."

"கல்யாணத்தன்னிக்கு என்னா வேலை? நீதான பத்திரிக்கை வாங்குன!"

"நான் சொந்தக்காரியாதான அண்ணி வாங்குனேன்!"

"நாங்களும் சொந்தக்காரிக்கிட்டதான் சொன்னோம். பத்திரிக்கை வச்சப்புறம் லீவு வேற கேக்கணுமா? வேணும்னா ஒங்க மேனேஜருக்கும் ஒண்ணு வைக்கிறோம் லா."

எட்டுப் பேரும் ஏதோ ஒரு வகையில் மாப்பிள்ளைக்கு உறவு. நானும்தான். ஒரே பத்திரிகையில் எனக்கு விடுப்பு எடுக்கத் தெரிந்தது. அதே பத்திரிகை அவர்களுக்கும் வந்திருக்கும் என்று மட்டும் தோன்றவில்லை.

அண்ணனிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். அப்புறம் காலண்டரைப் பார்த்தார். "தஞ்சோங் ரம்புத்தான்ல ஆளு எடுக்கறப்பவே யோசிச்சிருக்கணும். கடைசியில அங்கிருக்கிற பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போவப்போறது நான்தான்."

என் விடுப்பை நானே ரத்து செய்தேன். யாரும் கேட்கவில்லை. சனிக்கிழமை காலை பட்டுப் பாவாடையில் மகளைக் கணவரோடு காரில் ஏற்றிவிட்டேன். "அம்மா எப்ப வருவே?" என்று கேட்டாள். "பேசிப் பாக்குறேன்" என்று வாயில் வந்துவிட்டது.

அன்று கடையில் அண்ணன், நான், கல்லூரி மாணவிகள் இரண்டு பேர். கார் வரிசை பெரிய ரோட்டைத் தொட்டது. அப்போதுதான் புதிய பாதையைப் படம் எடுக்க ஏரியா மேனேஜர் வந்து இறங்கினார். ஆட்கள் எங்கே என்றார்.

"நீங்க கேட்டது குடும்பந்தான பாஸ்? குடும்பம் கல்யாணத்துக்குப் போயிருக்கு" என்று தமிழில் முணுமுணுத்துவிட்டு, மலாயில் மரியாதையாக வேறு ஏதோ சொன்னார் அண்ணன்.

ஏரியா மேனேஜர் தன் பலகைக் கணினியைத் திறந்து பார்த்தார். அதில் எங்கள் கடை முழுப் பச்சையில் இருந்தது. கணினியைப் பொறுத்தவரை அன்று எங்களிடம் ஆட்குறையே இல்லை. அவர் திரையைப் பார்த்தார், காலியான அடுப்படியைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். வெளியே யாரோ ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, கோழியை எண்ணெயில் எந்தப் பக்கமாக இறக்குவது என்று என்னிடம் கேட்டார். ஜன்னலில் நின்று ஒரு சீனப் பாட்டியிடம் திட்டு வாங்கினார். நாங்கள் வாங்கும் அதே திட்டுதான். பளபளப்பான காலணியில் மாவு படிந்து, எங்கள் காலணியும் அவர் காலணியும் ஒரே நிறமானது. அன்று அவரும் எனக்குக் கீழே ஓர் அரை ஆள் என்று நினைத்ததில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான், மறைக்க மாட்டேன்.

கல்யாண வீட்டிலிருந்து ஒரு படம் வந்தது. எட்டுப் பெண்களுக்கு நடுவே என் மகள், வாயெல்லாம் லட்டு.

திங்கட்கிழமை எட்டுப் பேரையும் நிறுத்திவிடப் போவதாக ஏரியா மேனேஜர் சொன்னார். நிறுத்துங்கள், வேன் போனால் எட்டும் சேர்ந்து போகும், விடுமுறை இன்னும் முடியவில்லை என்று அண்ணன் நினைவுபடுத்தினார். சனிக்கிழமை நிலவரம் ஏரியா மேனேஜருக்கு மறந்திருக்காது. உடனே திட்டம் மாறியது. வேன் நேரத்தையே ஷிஃப்ட் நேரமாக்கினார்கள். இந்தக் கூட்டத்தின் வீட்டு விசேஷங்களை முன்கூட்டியே அறிந்து சொல்ல, கூடவே ஒருவர் இருக்க வேண்டும் என்று என்னையும் அதே நேரத்தில் போட்டார்கள். ஏழு முதல் நாலு வரை. உழைத்துக் கேட்டபோது கிடைக்காதது, சொதப்பியபோது கிடைத்தது.

ஆண்ட்டி வீட்டுக்கு இப்போது வெயில் இருக்கும்போதே போகிறேன். மகள் விளையாட்டை விட்டுவர மாட்டேன் என்கிறாள். கொஞ்ச நேரம் நானே அந்தப் படியில் உட்கார்ந்திருக்கிறேன்.

இது நடந்து சில மாதங்களில் ஏரியா மேனேஜர் எங்கள் வேனைத் தன் படக்காட்சியில் போட்டார். 'சமூகக் குழு முறை' என்று அதற்குப் பெயர். அவர் கண்டுபிடித்ததாம். என்னை அழைத்து, சுங்காயில் புதுக் கடை திறக்கிறோம், அங்கும் ஒரு வேன் ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேட்டார். நிரந்தர ஷிஃப்ட்டுகளை எல்லாம் அவ்வப்போது மறுபரிசீலனை செய்வோம் என்பதையும், சம்பந்தமே இல்லாதது போலச் சேர்த்துக்கொண்டார்.

எனக்குச் சம்பந்தம் புரிந்தது. ஆளைப் பிடித்துக் கொடுத்துத்தான் என் மகளை நேரத்துக்குக் கூட்டிவர வேண்டுமா, முடியாது என்று சொல்லிவிடலாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். படியில் உட்கார்ந்ததும் அண்ணிக்குப் போன் போட்டேன்.

"அண்ணி, சுங்காய்ல நமக்கு யாராச்சும் இருக்காங்களா?"

"ஏன் இல்ல, என் ஓர்ப்படியா வீட்டு ஆளுங்க ஒரு தெருவே இருக்காங்க. எத்தன பேரு வேணும்?"

"அது இருக்கட்டும். அவங்க பக்கம் யாருக்காச்சும் கல்யாணம் பேசிருக்காங்களா?"

அந்தப் பக்கம் அண்ணி சிரித்தது வேன் முழுவதும் கேட்டிருக்கும். "கேட்டுச் சொல்றேன் கங்காணியம்மா" என்றார். நான் செருப்பை எடுத்து மகளின் காலில் மாட்டினேன்.