அகலமான சாமான் எது?

மின்சார மீட்டருக்கு அந்தப் பக்கம் பழைய குடித்தனக்காரர், இந்தப் பக்கம் புதுக் குடித்தனக்காரர். நடுவில் எண்கள் தெளிவாகத் தெரிய வேண்டும். "செத்த சிரிங்க. நாளைக்கு யூனிட்டுல சண்டை வந்தா இந்தச் சிரிப்புதான் சாட்சி" என்று சொல்லிக்கொண்டே தேவஇரக்கம் போனில் படம் எடுக்கிறார். யாராவது உர்ரென்று நின்றால் இன்னொரு முறை எடுப்பார். மனிதருக்கு அவ்வளவு பொறுமை.

ராஜபாளையத்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் இருபது வருஷம் உதவியாளராக இருந்தவர். இப்போது குடிமாறுகிறவர்களுக்காக அலைவதுதான் தொழில். வீட்டு வரியில் பெயர் மாற்ற, கேஸ் இணைப்பை மாற்ற, ரேஷன் கார்டில் புது முகவரி ஏற்ற என்று எல்லாவற்றுக்கும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். தோள்பையில் ஜெராக்ஸ் தாள்களோடு ஒரு பொட்டலம் கோலமாவும் கிடக்கும். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரருக்குக் கோலமாவு எதற்கு என்று கேலி செய்தால், "எல்லை போடத்தான்வே" என்பார்.

பத்திரத்தைப் பிரிக்கும் முன்பே ஒரு கேள்வி கேட்டுவிடுவார்: "வீட்டுக்குள்ள போற சாமான்ல எது அகலம்?" ஆசையாக வீடு வாங்கிவிட்டு, கட்டில் நுழையாமல் நிலைக்கதவைப் பெயர்த்தவர்களை அவர் நிறையவே பார்த்தாயிற்று.

"பீரோதான் அண்ணாச்சி" என்று சட்டெனச் சொன்னாள், பத்திர டிராஃப்டைக் காட்ட அவர் வீட்டுக்கு வந்திருந்த பாண்டீஸ்வரி. நூல் மில்லில் வேலை. பதினெட்டு வருஷத்தில் ஒன்பது வாடகை வீடு மாறி, இப்போதுதான் ஸ்ரீவில்லிபுத்தூரில் சொந்தமாக ஒன்று அமைகிறது. மறுநாள் பதிவு, அதற்கு அடுத்த நாள் காலையில் பால் காய்ப்பு. அதோடு ஆனி முடிகிறது. ஆடியில் குடிபோக முடியாது. இருக்கிற வாடகை வீட்டுக்கோ வேறு ஆள் வந்தாயிற்று.

வீட்டை விற்கிற சுயம்புலிங்கம், முன்பக்கக் காலி மனையைத் தனக்கே வைத்துக்கொண்டு, பின்னாலிருக்கும் வீட்டுக்கு மூன்றடிப் பாதை விட்டிருந்தார். டிராஃப்டும் அப்படியே. பீரோவுக்கு மூன்றடி போதும். எல்லாம் சரி என்று எழுந்து வாசலுக்கு வந்த தேவஇரக்கத்துக்குத் திக்கென்றது. பாண்டீஸ்வரியின் கணவர் கருத்தையா, பக்கச் சக்கரங்கள் பூட்டிய ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, இதைச் சொல்லலையே!"

"அது சாமானா அண்ணாச்சி? அது அவிய காலுல்லா!"

தேவஇரக்கம் தலையில் கை வைத்துக்கொண்டார். அரை மணி நேரத்தில் அந்த ஸ்கூட்டரிலேயே பின்னால் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் புறப்பட்டுவிட்டார். பாண்டீஸ்வரி பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள்.

பாதையை அகலமாக எழுதித் தரச் சொன்னதற்குச் சுயம்புலிங்கம் மசியவில்லை. "காலி எடந்தான? போகட்டும், வரட்டும். நான் என்ன தடுக்கவா போறேன்? அதை ஏன் எழுதணுங்கீரு?"

"நீங்க தடுக்க மாட்டீய அண்ணாச்சி. நாளைக்கு இந்த மனைய வாங்குறவன் சுவரு வச்சிட்டான்னா?"

"மூணு அடி போதும்வே."

தேவஇரக்கம் வாதாடவில்லை. கோலமாவுப் பொட்டலத்தைப் பிரித்து, பக்கத்து மதிலிலிருந்து மூன்றடிக்குக் கோடு போட்டார். "ஓட்டுங்க கருத்தையா" என்றார். பக்கச் சக்கரம் கோலமாவை அழித்துக்கொண்டு சுயம்புலிங்கத்தின் மனைக்குள்ளேயே போயிற்று. கருத்தையா கூச்சத்தோடு பிரேக்கைப் பிடித்தார். "இந்த வீடும் போச்சா!" என்ற பாண்டீஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், ஒன்பது வீட்டுக்கும் சாமான் கட்டியவள் அவள்தான்.

"அவிய தெனமும் நாலு தடவை ஒங்க எடத்துல ஏறித்தான் வீட்டுக்குப் போவாவ" என்றார் தேவஇரக்கம். "தெனமும் மல்லுக்கு நிக்கியளா, இப்பவே அஞ்சடி எழுதிருவமா?"

சுயம்புலிங்கம் அழிந்த மாவையும் கருத்தையாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் சிரித்துவிட்டார். "எழுதித் தொலையும்வே! இனிமே எடம் விக்கணும்னா ஒம்ம கண்ணுலயே படமாட்டேன்."

மறுநாள் ஐந்தடிப் பாதையோடு பத்திரம் பதிவாயிற்று. அதற்கு அடுத்த நாள் காலையில் பால் காய்ச்ச ஆட்கள் கூடிவிட்டார்கள். எந்தப் புது வீட்டிலும் முதல் ஆளாக நுழைந்து குழாயைத் திறந்து பார்ப்பவர் தேவஇரக்கம்தான். அன்றும் விறுவிறுவென்று பாதையில் போய்க்கொண்டிருந்தவர், பின்னால் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் நின்றார்.

"வழிய விடுங்கய்யா, வீட்டு ஓனரு வாராவ!"

ஐந்தடியில் ஓர் அங்குலமும் தன்னால் குறைந்துவிடக் கூடாது என்பதுபோல, வயிற்றை எக்கிக்கொண்டு மதிலோடு மதிலாக ஒட்டி நின்றார்.