தடத்தோரம் விரித்த சிவப்புத் துணி

பைக் பந்தயத் தடத்தின் ஓரத்தில் நின்று படம் எடுக்கப் போகிறவன் சிவப்புச் சட்டை போடக் கூடாது. மஞ்சளும் கூடாது. முழு வேகத்தில் வருகிறவனுக்கு ஓரத்தில் நிற்கும் மனிதர்கள் தெரிவதில்லை, நிறங்கள்தான் தெரியும். மஞ்சள் அசைந்தால் முன்னால் ஆபத்து, யாரையும் முந்தாதே. சிவப்பு அசைந்தால் பந்தயம் நிறுத்தப்பட்டுவிட்டது, வேகத்தைக் குறை. அது கொடியா, எவனோ ஒருவனின் சட்டையா என்று நின்று யோசிக்க அவனுக்கு நேரமில்லை.

கேமராவை ஒழுங்காகப் பிடிக்கக் கற்பதற்கு முன்பே இதெல்லாம் எனக்கு மனப்பாடம். இன்ஜினியரிங் முடித்துவிட்டு, வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, வீட்டில் உட்கார முடியாமல் அலைந்துகொண்டிருந்தேன். எந்த மைதானத்தில் பைக் சத்தம் கேட்டாலும் அங்கே நான் இருப்பேன். வளைவின் வெளிப்பக்கம் நிற்காதே, சறுக்குகிற வண்டி அங்கேதான் வந்து விழும். உட்காராதே, உட்கார்ந்தவன் எழுந்து ஓடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். தடத்துக்கு முதுகைக் காட்டாதே. எடுத்த படம் எப்படி வந்திருக்கிறது என்று உடனே திரையைக் குனிந்து பார்க்காதே, அடுத்த வண்டி வந்துகொண்டிருக்கும். விழுந்தவன் எழுந்திருக்கவில்லை என்றால் கேமராவை இறக்கிவிடு. இந்த விதிகளை நண்பர்களிடம் ஒப்பித்துக் காட்டுவதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்த விதி, இரண்டு பேராக நிற்பது. நீளமான லென்ஸில் கண்ணை வைத்திருப்பவனுக்கு ஒரே ஒரு வண்டிதான் தெரியும், பக்கத்திலிருந்து வருவது தெரியாது. அதனால் ஒருவன் எடுக்கும்போது மற்றவன் அவன் தோளில் கை வைத்துக்கொண்டு தடத்தையே பார்த்திருக்க வேண்டும். தோளில் தட்டு விழுந்தால், ஏன் என்று கேட்காமல் எடுக்கிறவன் பின்னால் ஓட வேண்டும். கை தோளில் இருக்கும்வரை பயமில்லை.

என்னிடம் கேமரா இருந்தது, நீளமான லென்ஸ் இல்லை. அது எனக்குத் தெரிந்த ஒரு கல்யாணப் போட்டோகிராபரிடம் இருந்தது. புதுச்சேரி பெரிய மார்க்கெட் பக்கம் ஸ்டுடியோ வைத்திருந்தார். நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். இரவல் கேட்டபோது, பொண்ணக் கட்டிக் குடுத்தாகூட தனியா அனுப்பிடுவேன், இத அனுப்ப மாட்டேன் என்று சொல்லி, லென்ஸோடு தானும் வருவதாகச் சொன்னார். எனக்கும் அது வசதியாகப் பட்டது. தோளில் கை வைக்க ஒரு ஆள் வேண்டுமே.

பந்தயம் காலாப்பட்டுக்கு அந்தப் பக்கம், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு செம்மண் மேட்டில் நடந்தது. காலையில் படம் எடுப்பவர்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்த ஒரு அம்மா விதிகளைச் சொன்னார். அண்ணன் போட்டிருந்த ஆரஞ்சுச் சட்டையைப் பார்த்துவிட்டு ஒரு சாம்பல் நிற மேலாடையைக் கொடுத்து மேலே போட்டுக்கொள்ளச் சொன்னார். அண்ணன் சிரித்துக்கொண்டே போட்டுக்கொண்டார். பையைத் திறந்தபோதுதான் லென்ஸைச் சுற்றியிருந்த துணியைப் பார்த்தேன். கல்யாண ஆல்பத்தோடு வருகிற சிவப்பு வெல்வெட். இதை வெளியே எடுக்காதீர்கள் அண்ணே என்றேன். பொத்துனாப்ல பைக்குள்ளயே கெடக்கும், நீ உன் வேலையப் பாரு என்றார்.

வண்டிகள் நிறுத்தியிருந்த இடத்தில் இரண்டு பேரைப் பார்த்தேன். இரண்டு பேரையும் எனக்கு முன்பே தெரியும். ஒருவன் மேற்கே ஒரு கிராமத்துக்காரன், அப்பா கரும்பு போடுகிறவர், இவன் டவுனில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். மற்றவன் டவுனில் மூன்று தலைமுறையாகப் பாத்திரக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் வீட்டுப் பையன். இரண்டு வண்டிகளையும் வாங்கியவன் பாத்திரக்கடைப் பையன், அவற்றைப் பிரித்துச் சேர்த்தவன் மெக்கானிக். பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகவே திரிந்தவர்கள். எங்கள் இரண்டு பேரையும் ஒரே படத்தில் எடு என்று பாத்திரக்கடைப் பையன் கேட்டான்.

"அதுக்கு நீ என் கூட வரணுமேடா" என்றான் மெக்கானிக். "எனக்குப் பின்னால நீ வர்ற தூரத்துக்கு இவரு கேமராவ பஸ்ல ஏத்திதான் கொண்டாரணும்."

பாத்திரக்கடைப் பையன் கையிலிருந்த கிளவுஸால் அவன் முதுகில் ஒன்று போட்டான்.

மதியத்துக்கு மேல் அவர்களுடைய பந்தயம். ஒரு மேட்டைத் தாண்டி வண்டிகள் இறங்கித் திரும்பும் வளைவின் உட்பக்கத்தில் நாங்கள் நின்றோம். இடம் சரி, தூரம் சரி, தப்பிக்க வழியும் இருந்தது. என் தோளில் அண்ணனின் கை இருந்தது. கடலிலிருந்து காற்று திரும்பி லேசாகத் தூறல் போட ஆரம்பித்தது. மெக்கானிக் முன்னால் வந்துகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால், நம்ப முடியாத அளவுக்கு நெருக்கத்தில், பாத்திரக்கடைப் பையன். இரண்டு பேரும் ஒரே படத்துக்குள் வந்துவிட்டார்கள் என்று எனக்கு உடம்பெல்லாம் பரபரப்பு. அப்போது அண்ணனின் கை தோளிலிருந்து விலகியது. தட்டவில்லை, விலகியது. நான் கண்ணை எடுக்கவில்லை.

மெக்கானிக் மேட்டைத் தாண்டி இறங்கும்போது தலையைத் திருப்பி நேராக என்னைப் பார்த்தான். வண்டி ஓட்டுகிறவன் கேமராவைப் பார்ப்பதே கிடையாது, அவன் பார்வை எப்போதும் அடுத்த வளைவில் இருக்கும். ஹெல்மெட்டுக்குள் அவனுடைய கண்கள் எனக்குத் தெளிவாகத் தெரிந்தன. எவ்வளவு அபூர்வமான படம் என்று சந்தோஷத்தோடு அழுத்தினேன். அழுத்திய கணத்திலேயே அவன் நெஞ்சு நிமிர்ந்தது, வண்டி வேகம் குறைந்தது. பின்னால் மேட்டைத் தாண்டிப் பறந்து வந்தவனுக்கு ஒதுங்க இடமில்லை.

அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

கேமராவை இறக்கினேன். தலைக்கு மேலே ஏதோ நிழலாக இருந்ததால் நிமிர்ந்து பார்த்தேன். தூறல் லென்ஸில் படாமல் இருக்க, அண்ணன் எனக்குப் பின்னால் நின்று வெல்வெட் துணியை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்திருந்தார். முகூர்த்தத்தில் மழை வந்தால் எப்படிப் பிடிப்பாரோ அப்படி. காற்றில் அது படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அவர் இன்னும் லென்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தடத்தைப் பார்த்தார். பிறகு துணியைப் பார்த்தார்.

தடத்துக்குள் ஓடக் கூடாது, அதுவும் விதி. தடத்தோரம் கொடியோடு நின்ற மார்ஷல்கள் மஞ்சள் கொடிகளை வீசினார்கள், பிறகு நிஜமான சிவப்புக் கொடி வந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து செல்போனைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் ஓடி வந்தார்கள். பாத்திரக்கடைப் பையன் குப்புறக் கிடந்தான். மெக்கானிக் ஹெல்மெட்டைக் கழற்றாமலே அவன் பக்கத்தில் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்திருந்தான். தொடாதே தொடாதே என்று மார்ஷல்கள் கத்திக்கொண்டு வந்தார்கள். ஆம்புலன்ஸ் அவனை ஏற்றிக்கொண்டு கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குப் போனது. நான் திரும்பிப் பார்த்தபோது அண்ணன், நான் கீழே வைத்திருந்த கேமராவிலிருந்து தன் லென்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். துடைத்துப் பைக்குள் வைத்து, தன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலத்துக்குள் பேச்சு கிளம்பிவிட்டது. மெக்கானிக் சும்மா பிரேக் போட்டான், பின்னால் வருகிறவன் முந்திவிடக் கூடாதென்று வேண்டுமென்றே போட்டான். அவன் சிவப்பைப் பார்த்தேன் என்று சொன்னதற்குச் சிரித்தார்கள். செம்மண் மேட்டில் சிவப்பைப் பார்த்தானாம், காலையிலிருந்து வேறு எதைப் பார்த்தான் என்று ஒருவர் கேட்டார். நான் பாதுகாப்புப் பொறுப்பிலிருந்த அந்த அம்மாவிடம் போய்ப் படத்தைக் காட்டி, துணியைப் பற்றியும் சொன்னேன். அவர் வெகுநேரம் பார்த்தார். கண்கள் எங்கள் பக்கம், உடம்பு நிமிர்ந்திருக்கிறது, விரல்கள் பிரேக்கில். சிவப்பைப் பார்த்தவன் செய்ய வேண்டியதைத்தான் இந்தப் பையன் செய்திருக்கிறான் என்றார். மெக்கானிக் மீது தவறில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதோடு சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் அந்தத் தாளுக்கு ஒரு மதிப்பும் இருக்கவில்லை. பாத்திரக்கடைப் பையனின் அண்ணன், கடையைப் பார்த்துக்கொள்கிறவர், எல்லாரும் பாய் என்று கூப்பிடுகிறவர், வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். மெக்கானிக்கை உள்ளே விடக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தார். நான் துணியைப் பற்றிச் சொல்லி, தாளையும் படத்தையும் நீட்டினேன். படத்தை அவர் பார்க்கவில்லை.

"பேப்பர் குடுக்கறீங்க. நாளைக்குக் கேஸ் வந்தா உங்க மேல வரக் கூடாதுன்னு குடுக்கறீங்க. துணி புடிச்ச ஆளு ஒருத்தன் இருக்கான்றீங்க இல்ல, அவன் எங்க? அவன் வந்து என் மூஞ்சப் பார்த்துச் சொல்லட்டும். அதுவரிக்கும் அந்த மெக்கானிக் பையன் என் தம்பியப் பார்க்கக் கூடாது."

அவர் கேட்டதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மெக்கானிக் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே, வெளியூர் பஸ்ஸில் வந்து இறங்கும் நோயாளிகள் உட்காரும் நடைபாதையில் உட்கார்ந்திருந்தான். சட்டையில் செம்மண் அப்படியே இருந்தது. அவன் என்னிடம் வேறெதுவும் கேட்கவில்லை, ஒரு தடவை உள்ளே போய் மூஞ்சியைப் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வா என்றேன். நான் போன நேரமாப் பார்த்துக் கூப்ட்டா இன்னா பண்றது என்றான்.

மறுநாள் காலை போட்டோகிராபர் அண்ணனைத் தேடிப் போனேன். ஸ்டுடியோ பூட்டியிருந்தது, போனை எடுக்கவில்லை. அவர் வீட்டில் விசாரித்து வில்லியனூர் பக்கம் ஒரு மண்டபத்தில் பிடித்தேன். மேடையில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் நிறுத்தி, உள்ளங்கையைக் காட்டி, அப்படியே இருங்க, சிரிங்கம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை இறங்கிவிட்டது. சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் இடத்தில் வைத்துப் பேசினோம். நான் கத்தினேன் என்று நினைக்கிறேன். அந்த மெக்கானிக் பையன் ஆஸ்பத்திரி கேட்டில் உட்கார்ந்திருக்கிறான், நீங்கள் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாய் உள்ளே விட்டுவிடுவார் என்றேன்.

"இன்னான்னு சொல்லச் சொல்ற?" என்றார். "தூறல் வந்துதுங்க பாய், என் லென்ஸு நனையுதேன்னு துணியப் புடிச்சேன், அதுல உங்க தம்பி விழுந்துட்டான்னு சொல்லவா? அத எந்த வாயால சொல்லுவேன் நானு?"

இன்றைக்கு முகூர்த்தம், பெண் வீட்டார் விடமாட்டார்கள், நாளைக்குக் கண்டிப்பாக வருகிறேன் என்றார். மேடையிலிருந்து அவரைக் கூப்பிட்டார்கள். போனார். சாயங்காலம் கேட்டுக்குப் போய் மெக்கானிக்கிடம், நாளைக்கு வருகிறார் என்று சொன்னேன். தலையாட்டினான். உள்ளே பாத்திரக்கடைப் பையன் கண் விழித்துவிட்டதாக வாட்ச்மேன் யாரிடமோ கேட்டுச் சொன்னாராம். அதைச் சொல்லும்போது மெக்கானிக்கின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. எனக்கும் நிம்மதியாக இருந்தது. ஒரு நாள்தானே.

அண்ணன் சொன்னபடி மறுநாள் வந்தார். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். கேட்டைத் தாண்டும்போது நடைபாதைப் பக்கம் திரும்பவே இல்லை. மெக்கானிக் சுவரில் சாய்ந்தபடி தூங்கிவிட்டிருந்தான். மாடியில் பாய் அதே இடத்தில் இருந்தார், சுற்றிச் சொந்தக்காரர்கள் நின்றிருந்தார்கள். யாரும் அழவில்லை. அதனால் எங்களுக்கு எதுவும் புரியவில்லை. அண்ணன் கும்பிட்டார். நின்றபடியே, துணியைப் பிடித்தது நான்தான், அந்தப் பையன் மேல் தப்பில்லை என்று சொன்னார். லென்ஸைப் பற்றியும் சொன்னார், எதையும் மறைக்கவில்லை.

பாய் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

"நேத்து வந்திருக்கலாமே நீங்க" என்றார். "நேத்து பேசிக்கிட்டு இருந்தான். அவன உள்ள வுடுண்ணா, வுடுண்ணான்னு கேட்டான். நான்தான் முடியாதுன்னுட்டேன்."

விடியும்போது உயிர் போய்விட்டதாகப் பக்கத்தில் நின்ற ஒருவர் மெல்லிய குரலில் எங்களுக்குச் சொன்னார். அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். பாய் எழுந்து படியிறங்கினார். ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து நானும் பின்னாலேயே போனேன். அவர் நேராகக் கேட்டுக்கு வெளியே போய், தூங்குகிறவன் முன்னால் நின்றார். மெக்கானிக் விழித்து, யாரென்று தெரிந்ததும் பதறி எழுந்தான். சட்டையில் ஒட்டியிருந்த மண்ணை அவசரமாகத் தட்டிவிட்டுக்கொண்டான்.

"கூப்ட்டானா பாய்?" என்று கேட்டான்.

பாய் அவன் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அவன் வேகமாக, பாயைவிட ஓரடி முன்னாலேயே நடந்தான்.