போர்வைக்கு எடுத்த அளவு

இதைக் கதை என்று நினைத்துப் படிக்காதீர்கள். கதை கட்டுகிற பொறுமை எனக்குக் கிடையாது. நான் தையல்காரி. நடந்ததை நடந்தபடி, மணி உட்படச் சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நம்பாதவர்கள் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள்... தூங்குகிற உங்கள் பிள்ளையைத் தலை முதல் கால் வரை ஒரு நூலால் அளக்க மனசு வருகிறதா என்று பாருங்கள்.

அந்த வாடகை வீட்டுக்குக் குடி வந்து அப்போது ஏழு வாரம் ஆகியிருந்தது. நான், என் கணவர், ஆறு வயது மகள், கணவரின் அக்கா. மகளை நாங்கள் பாப்பா என்போம். கணவரின் அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன், வாயளவில். மனசுக்குள் கூப்பிட்ட பெயரை இங்கே எழுத முடியாது. ஐம்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. நான் எதைச் செய்தாலும் அதில் ஒரு நொட்டை சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. பதிலுக்கு ஒரு சூடு போடாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அந்த வகையில் எங்கள் பொருத்தம் நன்றாகத்தான் இருந்தது.

பின்னறையில் தையல் மிஷின் போட்டிருந்தேன். தலையணை உறை, திரைச்சீலை, வெட்டி மிஞ்சிய துண்டுத் துணிகளை ஒட்டித் தைக்கிற போர்வை... இதெல்லாம் என் வேலை. ஒரு திங்கட்கிழமை, அந்த அறையின் சுவர் அலமாரியில் மேல்தட்டைத் துடைக்க நாற்காலி போட்டு ஏறினேன். பழைய செய்தித்தாளுக்கு அடியில் ஒரு துணி மடிப்பு இருந்தது. பிரித்தால், பாதியில் நின்ற துண்டுத்துணிப் போர்வை.

பஞ்சு வைக்காத இரட்டைத் துணி. உள்பக்கம் வெளியே தெரிய, மேல்துணியையும் அடித்துணியையும் சேர்த்து மூன்று பக்கம் தைத்து மூடியிருந்தது. நான்காவது பக்கம் பை மாதிரி திறந்து கிடந்தது. நாங்கள் செய்வதும் இப்படித்தான். கடைசிப் பக்கத்தில் ஒரு கை நுழைகிற அளவு வாய் விட்டுத் தைப்போம். அந்த வாய் வழியாக மொத்தத்தையும் வெளிப்பக்கம் திருப்பி எடுப்போம். பிறகு வாயை மூடுவோம்.

அத்தனையும் கைத்தையல். அங்குலத்துக்குப் பத்துத் தையல், பிசிறில்லாமல். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. முக்கால் வேலை முடிந்த பொருள் சும்மா கிடைத்தால் எந்தத் தையல்காரி விடுவாள்? பாப்பாவுக்கு முடித்துக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். நீளம் போதுமா என்று பார்க்க வேண்டும். அவள் கட்டில் முன்னறையில் இருந்தது. எழுந்து போய் அளக்கச் சோம்பல். பாப்பாவைக் கூப்பிட்டு அந்தத் துணியின்மேல் மல்லாக்கப் படுக்க வைத்தேன். தலைக்கு மேல் ஒரு கோடு, குதிகாலுக்குக் கீழே ஒரு கோடு. மூன்றடி ஏழு அங்குலம். துணி நாலு விரல் குறைந்தது. திறந்த பக்கத்தில் ஒரு வரிசைத் துண்டுகளை ஒட்டி, சரியாக அவள் அளவுக்குக் கொண்டுவந்தேன்.

அண்ணி நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“போர்வைக்குக் கட்டிலைத்தானே அளப்பாங்க? ஆளை எதுக்கு அளக்கிற?”

“உங்களுக்குத் தைக்கும்போது கட்டிலை அளக்கிறேன் அண்ணி.”

அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. எனக்குப் பரம திருப்தி.

செவ்வாய்க்கிழமை, மத்தியானம் 2.40. பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்து முன்னறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பின்னறையிலிருந்து ஒரு சத்தம்.

சர்ர்ர்... நின்றது. சர்ர்ர்... நின்றது.

இந்தச் சத்தம் தைக்கிறவர்களுக்குத் தெரியும். நீள நூலைத் தடித்த துணி வழியாக இழுக்கிற சத்தம். கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. போர்வையின் திறந்த பக்கம், இரண்டு ஓரத்திலிருந்தும் நாலு நாலு விரல் அளவுக்கு மூடியிருந்தது. அதே தையல். அங்குலத்துக்குப் பத்து. பிரிப்பதற்காக முடிச்சைத் தேடினேன். மேலே இல்லை. அடியிலும் இல்லை. கையை உள்ளே விட்டுத் தடவினேன். முடிச்சு உள்ளே இருந்தது. அந்தப் பைக்குள் உட்கார்ந்துகொண்டு தைத்தால்தான் அங்கே முடிச்சு விழும்.

கூடத்தில் அண்ணி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இப்போதுதான் வந்து உட்கார்ந்த மாதிரி எனக்குப் பட்டது. ஓகோ, என் வேலையில் மூக்கை நுழைக்கிறாரா? பேசாமல் வந்து அத்தனையையும் பிரித்துப் போட்டேன்.

புதன்கிழமை. 2.40. சர்ர்ர்...

இந்தத் தடவை ஓடினேன். பின்னறையில் யாரும் இல்லை. எட்டு எட்டு விரல் மூடியிருந்தது. திரும்பி முன்னறைக்குப் போனேன். பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை, நேராக ஒரு வெள்ளை நூல். வளைவில்லை, சுருக்கமில்லை. இரண்டு முனையும் கத்தரித்தது. எடுத்து டேப்பில் வைத்துப் பார்த்தேன். மூன்றடி ஏழு அங்குலம்.

பாப்பா கண் விழித்தாள். “யாரோ என் கால்ல ஜில்லுனு வச்சாங்கம்மா.”

நூலோடு போய் அண்ணி முன்னால் நின்றேன். “நீங்கதானே?”

“இது எங்க இருந்தது?”

“நடிக்காதீங்க அண்ணி.”

அவர் நூலை என் கையிலிருந்து வாங்கினார். அவர் முகம் சுண்டிப்போனது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து புதுக்கூத்து. மத்தியானம் இரண்டு மணி அடித்ததும் அண்ணி பாப்பாவோடு முன்னறைக்குள் போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். மூன்று மணிக்குத்தான் திறந்தார். வியாழன், வெள்ளி இரண்டு நாளும். பெற்றவளை வெளியே நிறுத்திவிட்டு என் பிள்ளையைத் தன் பக்கம் இழுக்கிறார்... எனக்கு உள்ளுக்குள் கொதித்தது.

புதன்கிழமை விழுந்த தையலையும் நான் பிரித்துப் போட்டிருந்தேன். அந்த இரண்டு நாளும் போர்வை மூடவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை மாலை 6.15க்கு அதைக் கையில் எடுத்தவள் திகைத்துப்போனேன். கனத்தது. நீண்டிருந்தது. திறந்த பக்கத்தில் வரிசை வரிசையாகப் புதுத் துண்டுகள். என் கூடையில் இல்லாத துணிகள். அளந்தேன்.

ஐந்தடி ஒரு அங்குலம்.

என் உயரம் ஐந்தடி நாலு. கணவர் ஐந்தடி ஒன்பது. ஏழு வருஷமாக அண்ணிக்கு நைட்டி தைத்துக் கொடுக்கிறவள் நான். அந்த வீட்டில் ஐந்தடி ஒரு அங்குலம் யார் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

சனிக்கிழமை காலை 11 மணிக்குப் பிடித்துக்கொண்டேன்.

“என் பிள்ளை போர்வையை உங்க அளவுக்குத் தச்சுக்கிட்டீங்களா?”

அவர் பதில் பேசவில்லை. ஏழு வருஷத்தில் முதல் முறையாகப் பதில் பேசவில்லை. அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்துகிற ஆளா நான்? வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். தண்டச்சோறு என்றேன். பிள்ளை இல்லாத வயிற்றெரிச்சல் என்றேன். கடைசியில், “இந்த வீட்ல ஒண்ணு நீங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்” என்றேன். வேலையில் இருந்த கணவருக்குப் போன் போட்டேன். “சாயங்காலம் வந்து பேசிக்கலாம்” என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவருக்கு அந்த ஒரு வசனம்தான்.

1.10க்கு அண்ணி பையோடு வாசலுக்கு வந்தார். ஊரில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போகிறாராம்.

“நான் போறேன். நீ அதை மட்டும் முடிக்காதே. ஒரு பக்கம் திறந்தே கிடக்கட்டும்.”

“என் வீட்ல எதை முடிக்கணும், எதை முடிக்கக் கூடாதுன்னு நீங்க சொல்ல வேண்டாம்.”

பாப்பாவின் தலையை ஒரு தடவை தடவினார். பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். நான் கதவைச் சாத்தினேன்.

அடுத்து நான் செய்ததை மறைக்காமல் சொல்கிறேன். 1.30க்கு மிஷினில் உட்கார்ந்தேன். அவர் வேண்டாம் என்றதற்காகவே உட்கார்ந்தேன். நான்காவது பக்கத்தை ஒரே மூச்சில் தைத்து மூடினேன். திருப்பி எடுப்பதற்கு ஒரு கை அளவு வாய் மட்டும் விட்டேன். அப்படியே தரையில் போட்டுவிட்டு, 2.20க்குப் பாத்திரம் கழுவப் போனேன். பாப்பா முன்னறையில் தூங்கப் போயிருந்தாள்.

2.40.

சர்ர்ர்...

கையிலிருந்த தட்டு நழுவியது. அண்ணி வீட்டில் இல்லை. கணவர் இல்லை. பாப்பாவுக்கு ஊசியில் நூல் கோக்கவே தெரியாது.

சர்ர்ர்...

பின்னறைக் கதவு திறந்திருந்தது. ஜன்னல் வழியாக நல்ல வெயில். அறை முழுக்க வெளிச்சம். எதையும் கண் தப்பாகப் பார்த்தது என்று நான் சொல்ல முடியாது.

போர்வை தரையில் கிடந்தது. தட்டையாக இல்லை. வீங்கியிருந்தது. ஆள் படுத்த நீளத்துக்கு. தலைப்பக்கம் உருண்டையாக... கால்பக்கம் இரண்டு முனையாக...

நான் விட்ட வாய் பாதி மூடியிருந்தது.

பார்த்துக்கொண்டே நின்றேன். துணிக்குள்ளிருந்து ஊசி முனை வெளியே வந்தது. உள்ளே போனது. வெளியே வந்தது.

உள்ளே போனது.

சர்ர்ர்...

அவசரமே இல்லாமல்...

கடைசித் தையல் விழுந்தது. நூல் இறுகியது. எங்கேயோ உள்ளே, டக் என்று நூலைப் பல்லால் கடித்து அறுக்கிற சத்தம்.

மணி 2.43.

பாப்பா... உள்ளே பாப்பாவா?

கத்தரிக்கோலை எடுத்துப் போர்வையைக் குறுக்கே கிழித்தேன். கிழிக்கக் கிழிக்க அது தட்டையாகிக்கொண்டே போனது. உள்ளே ஒன்றுமில்லை. ஆனால் துணி சூடாக இருந்தது. இப்போதுதான் யாரோ படுத்து எழுந்த படுக்கையின் சூடு.

முன்னறைக்கு ஓடினேன். கட்டில் காலி.

“பாப்பா...”

“இங்க இருக்கேன்மா.”

கட்டிலுக்கு அடியில், சுவரை ஒட்டி, கால்களை மடக்கிப் படுத்திருந்தாள். வாயைக் கையால் பொத்தியிருந்தாள்.

“அங்க ஏண்டி படுத்திருக்க?”

“அத்தை தினமும் இங்கதான் படுக்கச் சொல்லுவா.”

அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை. 3.25க்குக் கணவர் போன் செய்தார். “அக்கா போயிட்டா” என்றார்.

பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் இருந்த பெண் சொன்னது இது. 2.40 வாக்கில் அண்ணி, “மூச்சு முட்டுது, அந்த ஜன்னலைத் திறங்க” என்றாராம். ஜன்னல் திறந்துதான் இருந்ததாம். கையால் முகத்துக்கு முன்னால் எதையோ விலக்கிக்கொண்டே இருந்தாராம். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டாராம். தூங்குகிறார் என்று நினைத்திருக்கிறாள். டாக்டர் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்.

போர்வையைக் கணவர் கொளுத்தினார். நாலே நாளில் அந்த வீட்டைக் காலி செய்தோம். சாவி கொடுக்கும்போது வீட்டுக்காரரிடம் கேட்டேன், முன்னால் இருந்தவள் யார் என்று. முன்னால் இருந்தது அச்சகம் என்றார். மூன்று ஆண்கள். தைக்கிற பெண் யாரும் அங்கே இருந்ததில்லை. எங்களுக்கு விடுவதற்கு முன் வெள்ளையடித்தபோது அந்த அலமாரியைத் தானே நின்று காலி செய்ததாகவும் சொன்னார்.

இதோடு முடிந்தது என்றுதான் இருந்தேன். பாப்பாவை எவ்வளவு கேட்டும் அவள் வாய் திறக்கவில்லை. யாரிடமும் சொல்லக் கூடாது என்று அத்தை சொல்லியிருக்கிறாள் என்பாள், அவ்வளவுதான். நாங்களும் விட்டுவிட்டோம்.

பதினோரு மாதம் கழித்து ஒரு ஞாயிறு காலை, 10 மணி. பாப்பாவுக்குப் பள்ளிச் சீருடை சின்னதாகிவிட்டது. புதிதாகத் தைக்க டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

“அளக்காதேம்மா.”

“ஏன் கண்ணு?”

ரொம்ப நேரம் தரையைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்த வியாழக்கிழமை அத்தை கதவைத் தாழ்ப்பாள் போட்டார். அவளைக் கட்டிலுக்கு அடியில் விட்டார். அவள் இடத்தில் தான் படுத்துக்கொண்டார்.

“ஒரு கை வந்துச்சு. கைதான் தெரிஞ்சுது. விரல்ல இரும்புத் தொப்பி போட்டிருந்தாங்க. அத்தையோட கால்ல நூலை வச்சாங்க.”

ஊசி குத்தாமலிருக்க விரலில் மாட்டுகிற உறையைச் சொல்கிறாள். நான் அதைப் போடுவதே இல்லை.

“அத்தை என்ன சொன்னா?”

“பிள்ளை வேண்டாம், விட்டுடுன்னு அழுதா.”

“அப்புறம்?”

“அப்போ அம்மாவை அளக்கட்டுமான்னு அவங்க கேட்டாங்க.”

டேப் என் கையிலிருந்து விழுந்தது. பாப்பா தானாகவே சொன்னாள்.

“அத்தை கதவையே பார்த்தாம்மா. அப்புறம் சொன்னா... அவளைத் தொடாதே, பிள்ளைக்கு அவ வேணும், என்னை அளந்துக்கோன்னு.”

அந்தச் சனிக்கிழமை அண்ணி மத்தியானச் சாப்பாடு சாப்பிடாமல்தான் பஸ் ஏறினார். நான் சாப்பிடச் சொல்லவில்லை.