எங்கள் முறையில் ஜாம் ஆன இன்ஜின்

அடி அண்ணாமலையில் எங்களுக்கும் என் வீட்டுக்காரரின் அண்ணனுக்கும் சேர்த்து ஒரே கிணறு, ஒரே ஆயில் இன்ஜின். மூன்று நாள் அவர் தண்ணீர் பாய்ச்சுவார், மூன்று நாள் நாங்கள். பொழுது சாய்ந்ததும் முறை மாறும். யார் முறையில் இன்ஜின் கெட்டுப்போகிறதோ அவர்தான் ரிப்பேர் பார்க்க வேண்டும். அதற்காக முறை தள்ளியும் போகாது. பாகம் பிரித்தபோது என் மாமனார் வைத்த சட்டம் அது. நல்ல சட்டம்தான், அடுத்தவர் முறையில் கெடுகிறவரைக்கும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பங்குனி மாசம். எங்கள் கழனியில் நெல் பால் பிடித்து நின்றது. அந்தச் சமயத்தில் தண்ணீர் காட்டாவிட்டால் அத்தனையும் பதராகிவிடும். எங்கள் முறை வந்த மறுநாள் காலையில் இன்ஜினை ஓட்டினால், கரகரவென்று கத்திவிட்டு அப்படியே நின்றுவிட்டது. என்ன சுற்றியும் அசையவில்லை. பாழாய்ப்போன இன்ஜினுக்கு வேறு நாளே கிடைக்கவில்லை.

திருவண்ணாமலையிலிருந்து மெக்கானிக் சைக்கிளில் வந்து பிரித்தார். பிஸ்டன் முழுக்கப் பூனை பிறாண்டின மாதிரி கீறல். பிஸ்டனையும் ராடையும் சேர்க்கிற கட்ஜன் பின் ஆடிக்கொண்டிருந்தது. அது ஓடுகிற புஷ்ஷும் தேய்ந்துபோயிருந்தது. கம்பெனி சாமான் மெட்ராஸிலிருந்து வர ஒரு வாரம் ஆகும் என்றார். டூப்ளிகேட் என்றால் டவுனிலேயே உடனே கிடைக்கும். எங்களுக்கு ஏது ஒரு வாரம்? என் வீட்டுக்காரர் அவர்கூடவே போய் டூப்ளிகேட் செட் வாங்கி வந்தார்.

வந்த புஷ் ராடுக்குள் நுழையவே இல்லை. லேத்தில் கொடுத்துக் கடைந்தால்தான் ஆகும். லேத் பட்டறைக்குப் போனால் கரண்ட் இல்லை. அன்றைக்கு இருட்டுகிறவரை அவர் பட்டறை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். மறுநாளும் போய் உட்கார்ந்தார். சாயங்காலம்தான் கரண்ட் வந்தது. நான் கழனிக்கும் வீட்டுக்குமாக நடந்தேன். மண் விரிசல் விட ஆரம்பித்திருந்தது. பழையபடி மாடு பூட்டிக் கவலை கட்டி இறைக்கலாம் என்றால், மாட்டை விற்றுத்தானே இன்ஜினுக்குப் பங்கு போட்டோம்! குடத்தில் மொண்டு ஊற்றிக் கழனி நனையுமா? அதையும் கொஞ்ச நேரம் செய்தேன், பைத்தியக்காரி மாதிரி.

மூன்றாம் நாள் காலையில் புஷ் சேர்ந்தது. இப்போது கட்ஜன் பின் பிஸ்டனுக்குள் போகமாட்டேன் என்றது. சுத்தியலால் தட்டினால் பிஸ்டன் வெடித்துவிடும், கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தால் துளை கொஞ்சம் இளகிக் கொடுக்கும் என்றார் மெக்கானிக். சோறு வடிக்கிற குண்டானில் பிஸ்டனைப் போட்டு வேகவைத்தேன். எதையெல்லாம் சமைக்க வேண்டியிருக்கிறது பாருங்கள். சாக்குத்துணியால் பிடித்தெடுத்து அவர் அழுத்தியதும் பின் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

உச்சிப்பொழுதில் இன்ஜின் தடதடவென்று எழுந்தது. நான் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மடைக்கு ஓடினேன். தண்ணீர் வரவில்லை. திரும்பி வந்து பார்த்தால், மெக்கானிக் பம்புக்குப் போகிற பெல்ட்டைக் கழற்றி வைத்திருந்தார்.

"புது பிஸ்டன்க்கா. பொழுது சாயிற வரைக்கும் சும்மா ஓடணும். இப்பவே பாரம் ஏத்துனா மறுபடியும் ஜாம் ஆயிடும்."

நான் கத்தினேன், கெஞ்சினேன். ஒன்றும் நடக்கவில்லை. கிணற்றில் தண்ணீர் கிடக்கிறது, இன்ஜின் ஓடுகிறது, பயிர் காய்கிறது. மதியம் முழுக்க அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகை அழுகையாக வந்தது.

பொழுது சாய்ந்ததும் மெக்கானிக் பெல்ட்டை மாட்டினார். சொல்லிவைத்தாற்போல் அண்ணன்காரர் மண்வெட்டியோடு வந்து நின்றார். ஒரே ஒரு தண்ணீர் எங்களுக்கு விடச்சொல்லிக் கேட்டேன்.

"என் கழனியிலயும் அதே பயிருதாம்மா நிக்குது," என்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

அவர் கழனிக்குப் போகிற வாய்க்கால் எங்கள் கழனியை ஒட்டித்தான் போகும். கரையில் ஒரு எலி வளை. அதன் வழியாகத் தண்ணீர் எங்கள் பயிருக்குள் கசிந்தது. ஓரத்து மண் கறுத்து நனைவதைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. பின்னால் வந்த என் வீட்டுக்காரர் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றை அள்ளி அந்த வளையை அடைத்தார்.

"விடுங்க. எலி பண்ணதுக்கு யாரு வந்து கேக்கப் போறா?"

"எலிக்கு முறை தெரியாது. எனக்குத் தெரியுமே."

அவர் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்திவிட்டு, வேறு வளை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடந்தார்.

அந்தப் போகம் தூற்றியபோது களத்தில் விழுந்ததைவிடக் காற்றோடு போனதுதான் ஜாஸ்தி. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.