கஞ்சிக் காவல்

நோன்புக் காலத்தில் எங்கள் பள்ளிவாசலில் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு கஞ்சி கொடுப்பார்கள். வீட்டுக்கு ஒரு வாளி என்பது ஊர் வழக்கம். போன வருடம் அந்த வழக்கத்துக்குக் காவலாளியாக என்னை நானே நியமித்துக்கொண்டேன். நிர்வாகம் என்னைக் கேட்கவில்லை. கிடாரத்தில் கஞ்சியும் குறையவில்லை. ஆனாலும் ஊரில் நீதி செத்துவிட்டதென்று எனக்கொரு கொதிப்பு.

ஒருநாள், என்னைக் காக்கா என்றும் என் மனைவியை ராத்தா என்றும் கூப்பிடும் அடுத்த வீட்டு ஆட்டோக்காரத் தம்பி நீல வாளியில் கஞ்சி வாங்கிப் போனவன், சிவப்பு வாளியோடு திரும்பவும் வரிசையில் வந்து நின்றான். பாய்ந்துபோய்ச் சட்டையைப் பிடித்தேன்.

"நோன்பு புடிச்சிக்கிட்டு களவெடுக்கிறியா?" என்று கத்தினேன். கூட்டம் சேர்ந்தது. ஒருவர் போனைத் தூக்கி வீடியோ எடுத்தார். என் முகம் நன்றாக விழட்டுமென்று அவர் பக்கம் திரும்பி இன்னும் உரக்கக் கத்தினேன்.

அவன் மெதுவாகச் சொன்னான்: "இது உங்கட ஊட்டு வாளி காக்கா. வரிசையில நிக்க நீங்க வெக்கப்படுவீங்களாம். ராத்தாதான் ஒவ்வொருநாளும் என்னட்டக் குடுத்து உடுறா."

என் வீட்டு வாளி சிவப்பென்று அன்றுதான் எனக்குத் தெரியும்.

நோன்பு திறக்கும்போது மனைவி கஞ்சியை என் முன்னால் வைத்தாள். கஞ்சி நல்ல ருசி. இரண்டாம் கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.